செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றுதா? மோட்டாரைக் கழற்றும் முன்னால் இதைப் பாருங்க

விடிகாலையில் பழைய லாரி ஒன்று "ர்ர்ர்... ர்ர்ர்..." என்று முனகினால் நம்ம பக்கம் முதலில் நடப்பது, ஒருத்தர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்து செல்ஃப் மோட்டாரை, அதாவது சாவியைத் திருப்பினால் இஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணும் மோட்டாரை, கழற்றுவது. அதிலும் சரியாகவில்லை என்றால் பேட்டரிக் கடைக்கு போன். இரண்டையும் இதே வரிசையில் செய்தவன்தான் நானும். சங்ககிரியில் எங்கள் ஆறு சக்கர வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ.வில் வாங்கும் சான்று) முடிந்த மறுவாரமே செல்ஃப் மந்தமாகிவிட்டது. மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினேன், அப்புறம் ஜோடி பேட்டரியும் (12 வோல்ட் இரண்டு சேர்ந்து 24) புதிதாக வாங்கி வைத்தேன், நாலு நாள் ஜோராகச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே முனகல். டிரைவர் அண்ணன் அலுத்துப்போய், ராத்திரி எங்கே நிறுத்தினாலும் மேடு தேடி நிறுத்த ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பார்த்தால், எஃப்.சி.க்காகச் சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது, பேட்டரி மைனஸைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றி, காய்ந்த பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்கு முன்னால் செலவழித்ததைச் சொன்னால் வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து கிளம்பும்.

"லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் கத்துது, அப்போ வயரிங் சரிதானுங்களே" என்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். லைட்டுக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். 400 ஆம்பியர் ஓடுகிற பாதையில் ஒரு ஓமில் ஆயிரத்தில் 5 பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். லைட்டுக்கு அந்தத் தடை இருப்பதே தெரியாது. வண்டி சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்து "25 காட்டுது, பேட்டரி நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுவதும் இதே தப்புதான். எதை அளந்தாலும் செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

முதலில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பழைய வண்டியில் இஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிள் இருக்குமே, அதை ஒருத்தர் இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் இஞ்சின் பிடிக்காமல் சும்மா சுற்றும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸின் ஈய முனை மேலேயே இருக்க வேண்டும், கிளாம்ப் மேல் வைத்தால் கோளாறே அந்த இடுக்கில் இருந்தாலும் தெரியாது. இன்னொரு முனை செல்ஃபுக்கு வரும் தடித்த வயரின் போல்ட்டில். சுற்றும்போது 24 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் வரை காட்டினால் விட்டுவிடலாம், ஒன்றைத் தாண்டினால் அந்தப் பாதையில்தான் வில்லங்கம். அடுத்தது பேட்டரி மைனஸின் ஈய முனைக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவில் அதே சோதனை. இதைத்தான் யாரும் செய்வதில்லை, என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இந்தப் பக்கம்தான். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குட்டை வயர், கட் ஆஃப் சுவிட்ச் இரண்டையும் மறக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் மீட்டரைப் பேட்டரி ஜோடியின் இரு கோடியில் வையுங்கள். சுற்றும்போது 19 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒன்று பேட்டரி ஓய்ந்துவிட்டது, இல்லை செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. கிளட்ச் வேலை முடிந்து வந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ, இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை என்று அர்த்தம். கரண்ட் கிடைத்த வழியில் போகிறது.

அடுத்தது நம்ம ஆட்கள் எல்லோரும் செய்வது. பாட்டு இல்லாமல் நாக்பூர் வரை போக முடியாது, சரி. ஆனால் 12 வோல்ட் செட்டுக்கும் மொபைல் சார்ஜருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார்கள். அந்த ஒன்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, மொத்தமாக 28 வோல்ட் பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒன்று எப்போதும் அரைப் பட்டினி, இன்னொன்றுக்கு அளவு மீறிச் சார்ஜ் ஏறி தண்ணீர் வற்றும். காலையில் தனித்தனியாக அளந்து ஒன்றில் 12.6, இன்னொன்றில் 12.1 வந்தால் கதை இதுதான். அப்போது செத்த ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதையும் பழையது சீக்கிரம் கெடுத்துவிடும். ஜோடியாக மாற்றி, பாட்டுக்கு 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், அதற்கு ஆகும் காசு பேட்டரி விலையில் தூசு. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம்ம போர் தண்ணீர் குண்டானிலேயே வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, பேட்டரிக்குள் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பிடிக்கவில்லை என்று சாவியை விடாமல் திருகிக்கொண்டே இருப்பது செல்ஃபைக் கொல்லும் வழி. ஒரு தடவைக்கு 10, மிஞ்சினால் 15 செகண்ட், அப்புறம் ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும். டீசல் இஞ்சினில் காற்று நெருக்கப்படும் சூட்டில்தான் தீ பிடிக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும், எத்தனை நேரம் திருகினாலும் வெள்ளைப் புகைதான் வரும். அதற்காக ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி காட்டுகிற வித்தையைச் செய்யாதீர்கள். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து, ரிங் உடையும், செல்ஃபின் பல்லும் போகும். பக்கத்தில் நிற்கும் 12 வோல்ட் டிராக்டரிலிருந்து 24 வோல்ட் லாரிக்கு வயர் கொடுப்பதும் வேண்டாம்.

எப்போது மந்தமாகிறது என்பதையும் கவனியுங்கள். தாளவாடியில் கோஸ் லோடு ஏற்ற மார்கழியில் ராத்திரி நின்று, நாலு மணிக் குளிரில் மட்டும் தகராறு செய்தால் பேட்டரியையும் ஆயிலையும் பாருங்கள், கெட்டியான 20டபிள்யூ 50 ஆயில் போட்டிருந்தால் இளக்கமான 15டபிள்யூ 40க்கு மாறினாலே வித்தியாசம் தெரியும், முதலில் இஞ்சின் புத்தகம் எதைச் சொல்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நன்றாக எடுத்து, கரூர் பைபாஸில் டீ குடித்துவிட்டு வந்து சூட்டோடு எடுக்கும்போது மட்டும் முனகினால் செல்ஃபின் புஷ் தேய்ந்து, மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சர் உள்ளே உரசிக்கொண்டிருக்கலாம். வயர் சோதனையும் சரியாக இருந்தால் இப்போது தாராளமாகக் கழற்றலாம். பிரித்தவுடன் ஆர்மேச்சர் மேல் பளபளவென்று உரசிய தடம் தெரியும்.

சுற்றிக்கொண்டே வந்து திடீரென்று "டங்" என்று அடித்து நின்றால் மட்டும் மறுபடி சாவியைத் தொடாதீர்கள். இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கம்பி போட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டை வழியாகவே பீய்ச்சும், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.