போக்சோ பயிற்சி: கல்லூரிகள் கோட்டை விடும் இடங்கள்

முதல் தவறு பயிற்சி தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. "இது பள்ளிக்கூடத்து விஷயம், நம்மிடம் படிப்பவர்கள் பெரியவர்கள்" என்ற நினைப்புதான் அது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான், ஆணானாலும் பெண்ணானாலும். பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கில் சேர்பவருக்கு 15, 16 வயது. பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டிலும் 17 வயதுக்காரர்கள் உண்டு. கோடைக்கால விளையாட்டுப் பயிற்சிக்கு வரும் சிறுவர்களையும் ஊழியர் குடியிருப்புப் பிள்ளைகளையும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் ஊரின் குழந்தைகளையும் இதோடு சேர்க்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, 18 நிரம்பாதவர்கள் எத்தனை பேர் என்று துறைவாரியாகக் கணக்கெடுத்து, அந்த எண்ணோடு பயிற்சியைத் தொடங்குங்கள்.

அடுத்த தவறு, பேராசிரியர்களை மட்டும் அழைப்பது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பேதமின்றி காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும், அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். விடுதிக் காப்பாளர், இரவுக் காவலாளி, மெஸ் ஊழியர், பேருந்து ஓட்டுநர், ஆய்வக உதவியாளர், உடற்கல்வி இயக்குநர் ஆகியோர் கண்ணில் படுவது வகுப்பறையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒப்பந்தப் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கம் அவர்களைத் தொடாது. புதிய ஆள் சேர்ந்த வாரமே 20 நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது மேல்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. "ஏதாவது தெரிந்தால் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள், அவர் முதல்வரிடம் சொல்வார், நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிக்கொடுப்பது. சட்டம் இப்படிச் சொல்லவில்லை. பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், அதை அறிந்த ஒவ்வொருவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்பதால் இந்தக் கடமை தீராது. தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. படிக்கட்டு ஏற ஏறத் தகவல் மெலியும். கடைசியில் "கல்லூரிப் பெயர் கெட்டுவிடும்" என்ற கவலைதான் மிஞ்சும். முதல்வருக்குச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அது காவல் நிலையத்துக்குச் சொல்வதோடு சேர்ந்து நடக்க வேண்டுமே தவிர, அதற்குப் பதிலாக அல்ல.

இதன் இன்னொரு வடிவம், புகாரை உள்ளகப் புகார்க் குழுவிடம் தள்ளிவிடுவது. அந்தக் குழு பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கானது. விசாரணைக்கு 90 நாள் அவகாசம், புகார்தாரர் கேட்டால் சமரசத்துக்கும் இடம் உண்டு. போக்சோவில் சமரசம் என்ற பேச்சே கிடையாது. குழு கூடட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண் மிகவும் பயன்படும், எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்றாலும் அங்கே பேசியதோடு நிறுத்திவிடாமல் காவல்துறைக்கும் தகவல் கொடுங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று நிலையத்தில் சொன்னால், எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கை பதிய 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருப்பதை எடுத்துச் சொல்லலாம். கொடுத்த தகவலுக்குப் பதிவு எண் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டவும் சொல்லலாம். இரண்டும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-லேயே இருக்கின்றன.

குழந்தை வாய் திறக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தைப் பெரும்பாலான பயிற்சிகள் ஒத்திகை பார்ப்பதே இல்லை. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தில் வரும் பிழை. அதைக் காப்பாற்றவும் முடியாது, மீறினால் குழந்தையின் நம்பிக்கையும் போகும். "நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை. உன்னைப் பாதுகாக்க இதைச் சிலரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்பது போதும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். என்ன நடந்தது, யார், எப்போது, இப்போதும் ஆபத்து இருக்கிறதா என்பதற்கு மேல் போனால் நீங்கள் விசாரணை அதிகாரியாகிவிடுவீர்கள். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்பது போல் பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்டால், நாளை நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலமே ஆட்டம் காணும். குழந்தை சொன்ன சொற்களை, கொச்சையாக இருந்தாலும், அப்படியே எழுதி நாளும் நேரமும் குறித்துக் கையொப்பமிடுங்கள். சந்தேகத்துக்குரியவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது சாட்சியங்களை அழிக்க அவருக்கு அவகாசம் தருவதாகும். சந்தேகம் வீட்டு ஆள் மீதே என்றால், காவல்துறையிடம் பேசுவதற்கு முன் வீட்டுக்குப் போன் போடாதீர்கள்.

சாட்சியம் கைநழுவுவதும் அறியாமையால்தான். கண்காணிப்புக் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து அதன் மேல் புதிது பதிவாகும். அன்றே அதைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அன்று அணிந்திருந்த உடையைத் துவைக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகித உறையில் வைக்க வேண்டும். ஆபாசப் படமோ காணொலியோ போனில் இருந்தால், "ஆதாரம்" என்று ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தனிக் குற்றம். போனை அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். குழந்தையின் பெயரோ, வகுப்போ, விடுதி அறை எண்ணோ எந்தச் சுற்றறிக்கையிலும் வரக் கூடாது.

அறிகுறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலை மனப்பாடம் செய்யவைத்தால் ஊழியர்கள் காயத்தைத்தான் தேடுவார்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று வகுப்பைத் தவிர்ப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒதுங்குவது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகப் பயப்படுவது போன்ற மாற்றங்களைப் பார்க்கப் பழக்குங்கள். பெரியவர் பக்கமும் பார்க்க வேண்டும்: காரணமில்லாத பரிசு, இரவில் தனிச் செய்தி, வண்டியில் தனியே கொண்டுபோய் விடுவது.

"சந்தேகம் பொய்யாகிவிட்டால்?" என்ற கேள்வி எல்லாப் பயிற்சியிலும் எழும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று பிரிவு 19(7) சொல்கிறது. தண்டனை, வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான். நிரூபிப்பது காவல்துறையின் வேலை. "இருவரும் விரும்பித்தான் பழகினார்கள்" என்பதும் 18-க்குக் கீழ் தகவல் சொல்லாமலிருக்கக் காரணமாகாது.