ஆபரேஷன் செலவை மட்டும் பார்த்து வெளிநாட்டுக்குக் கிளம்பாதீர்கள்

சிகிச்சைக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்றுதான். அந்த ஒரு தொகையை வைத்தே முடிவெடுப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

கட்டணம் குறைவு என்றால் டாக்டர் சுமார் என்று நினைப்பதும் தவறுதான். சம்பளம், இடத்தின் விலை, டாக்டர்கள் கட்டும் இழப்பீட்டுக் காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இவை எல்லாமே அதிகம் என்பதால்தான் அங்கிருந்து பல் சிகிச்சைக்கு எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போகிறார்கள். பிரிட்டன், கனடாவில் கதை வேறு, அங்கே பலரை வெளியே அனுப்புவது பணம் இல்லை, காத்திருப்போர் பட்டியல்.

அப்படிப் போகிறவர்கள் செய்யும் தவறு, சொந்த நாட்டின் காப்பீட்டிடமோ அரசுச் சுகாதாரத் துறையிடமோ முன் அனுமதி கேட்காமல் கிளம்புவது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், இடுப்பு மூட்டு மாற்ற பிரான்ஸ் போன ஒரு பிரிட்டிஷ் பெண்மணியின் வழக்கில், மருத்துவ ரீதியாக ஏற்க முடியாத தாமதம் என்றால் காத்திருப்போர் பட்டியலைக் காரணம் காட்டி வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அனுமதி மறுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006-ல் சொன்னது. ஆகவே முதலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, உண்மையான செலவு எவ்வளவு? விமானம், விசா, கூட வருபவரின் செலவு, இழக்கும் சம்பளம், அப்புறம் தங்கும் நாட்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ ஆபரேஷன் ஆனால் குறைந்தது 10 நாட்களாவது விமானம் ஏறக் கூடாது என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி, ஏனென்றால் விமானத்துக்குள் காற்றழுத்தம் மாறுவதால் ஆபத்து உண்டு. மூன்று நாளில் திரும்பலாம் என்று பேக்கேஜ் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். ஊர் திரும்பியபின் தையல் பிரிந்தாலோ சீழ் பிடித்தாலோ யார் பார்ப்பார்கள், யார் பணம் தருவார்கள் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டு முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏஜென்டுக்கு மருத்துவமனை கமிஷன் தருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். மருத்துவமனைகளைச் சோதித்துச் சான்று தரும் சர்வதேச அமைப்பான ஜேசிஐ-யின் அங்கீகாரம் இருக்கிறது என்றால் அவர்களுடைய தளத்திலேயே சரிபாருங்கள், ஆனால் அது மருத்துவமனையின் நடைமுறைகளுக்குக் கிடைத்த சான்று, உங்களுக்குக் கத்தி வைக்கப் போகிற டாக்டரின் அனுபவத்தைத் தனியாக விசாரிக்கத்தான் வேண்டும். உறுப்பு வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். அங்கே வறுமையில் இருக்கும் ஒருவரின் உடலைத்தான் விலை பேசுகிறார்கள், உறுப்பு வணிகத்துக்கு எதிரான 2008-ன் இஸ்தான்புல் பிரகடனம் கண்டித்ததும் இதைத்தான்.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், உடலில் பொருத்திய கருவியின் மாடல், பேட்ச் எண் எல்லாவற்றையும் கையோடு வாங்கி வாருங்கள். உள்ளூர் டாக்டரிடம் வெளிநாட்டில் அட்மிட் ஆகியிருந்ததை மறைக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோயாளியோடு நாடு தாண்டுவது நடக்கிற விஷயம்தான், தெரிந்தால் அவர் முதல் நாளே சரியான பரிசோதனையை எழுதுவார்.