எட்டு பாரைத் தாண்டாத பாட்டு: இசை செய்யும்போது தேங்கி நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் வைத்துக்கொண்டு இசை செய்கிற யாருடைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாலும் ‘நியூ பீட் 14’, ‘மழை லூப் ஃபைனல்’, ‘டெஸ்ட் 3’ என்று கோப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று. கேட்டால் நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இந்த நிலையைத்தான் “பிளாக் ஆயிடுச்சு, ஒண்ணும் வரமாட்டேங்குது” என்று சொல்லிக்கொள்கிறோம். எட்டு பார் வந்திருக்கிறதே, அப்புறம் எப்படி ஒன்றும் வரவில்லை என்று சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்தவரை, கற்பனை வறண்டு தேங்குகிறவர்கள் குறைவு. எந்த கிக் டிரம் ஒலி, பல்லவி எந்த சுரத்தில் எடுக்கிறது, தாழ்ந்த ஒலியான பேஸ் எங்கே நுழைகிறது என்ற சின்னச் சின்ன முடிவுகளை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒதுக்கி ஒதுக்கியே தேங்குகிறவர்கள்தான் அதிகம். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் அந்த ஒதுக்கலின் வெவ்வேறு வேஷங்கள்.

முதல் தவறு, திரும்பத் திரும்ப ஓடும் அந்த எட்டு பார் துண்டை, அதாவது லூப்பை, ஓடவிட்டபடியே உட்கார்ந்திருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 90 அடி, நாலு அடி தாளத்தில் எட்டு பார் ஓடி முடிய ஏறக்குறைய 21 விநாடி. இரண்டு மணி நேரம் அதையே சுழலவிட்டால் 330 தடவைக்கு மேல் கேட்டிருப்பீர்கள். தேன் சொட்டும் மெட்டாக இருந்தாலும் அத்தனை தடவை கேட்டால் காது சலிக்கும். அந்தச் சலிப்பை நாம் “இதில் ஏதோ குறைகிறது” என்று தப்பாகப் புரிந்துகொள்கிறோம். உடனே ஒரு பேட், மேலே ஒரு ஷேக்கர், பக்கத்தில் இன்னொரு சிந்த் என்று ஒலிகளை அடுக்குகிறோம். கடைசியில் 40 ட்ராக், அதாவது 40 தனித்தனி ஒலி வரிசை, சேர்ந்திருக்கும், பாட்டு ஒரு விநாடிகூட நீண்டிருக்காது.

இதற்கு மாற்று, லூப் பிடித்துவிட்டது என்று தோன்றிய அன்றைக்கே அதை நீட்டிவிடுவது. 90 பிபிஎம்மில் மூன்று நிமிடம் என்றால் சுமார் 68 பார். லூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த நீளத்துக்கு நகல் எடுங்கள். பிறகு முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம் என்று அடையாளம் போடுங்கள். சினிமாப் பாட்டின் இந்தச் சட்டகம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் ஊறியது, அதனால் யோசிக்க வேண்டியதில்லை. ராப் செய்கிறவர் வெர்ஸ், ஹூக் என்று போட்டுக்கொள்ளட்டும். இப்போது வேலை அழிப்பதுதான். முன்னிசையில் டிரம்ஸை எடுத்துவிடுங்கள். சரணத்தின் முதல் நாலு பாரில் பேஸை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் இடையிசையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வாத்தியத்தை விடுங்கள். வெற்றுத் திரையில் எதைச் சேர்ப்பது என்று முழிப்பதைவிட, நிறைந்து கிடப்பதில் எது வேண்டாம் என்று சொல்வது மனசுக்குச் சுலபம். மூன்று நிமிடம் மோசமாகவே நீளட்டும், பரவாயில்லை. மோசமான மூன்று நிமிடத்தைத் திருத்தலாம். இல்லாததை என்ன செய்வது?

மெட்டு வராதவர்களுக்கு ஒன்று. கீபோர்டில் விரல் எப்போதும் பழகிய இடத்துக்கே போகும். அதை விட்டுவிட்டு, ஃபோனில் ரெக்கார்டரை ஆன் செய்து தத்தகாரத்தில் பாடுங்கள். தன்னன்னா தானன்னா என்று வாய்க்கு வந்தபடி. நம் இசையமைப்பாளர்கள் பாடலாசிரியருக்கு மெட்டைக் கொடுத்துவந்த வழிதான் இது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மூச்சு விடும் இடத்தில் மெட்டும் தானாக நிற்கும். விரலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அடுத்தது ஒலி தேடி அலைவது. ஆயத்த ஒலிகளின் தொகுப்பான சாம்பிள் பேக்கில் ஆயிரக்கணக்கான கிக் கிடக்கிறது, ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனால் மாலை போய்விடும். இருபதாவது கிக்குக்குப் பிறகு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது என்பது வேறு விஷயம். 1987-ல் வந்த ஈ-மு எஸ்பி-1200 என்ற சாம்பிளரை, அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவியை, இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் மொத்தமே சுமார் 10 விநாடி ஒலியைத்தான் ஏற்ற முடியும். ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் வேகமாக ஓடவிட்டு சாம்பிள் எடுத்தார்கள். பிறகு மெஷினுக்குள்ளேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நினைவகத்தில் இடம் மிச்சம். அப்படி இறக்கியபோது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறியது. இன்றைக்கு அந்தச் சொரசொரப்பைப் போலி செய்யவே காசு கொடுத்து பிளகின் என்ற துணை மென்பொருளை வாங்குகிறோம்! ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே எல்லை கட்டிவிடுங்கள். ஒரு டிரம் கிட், ஒரு சிந்த், ஒரு நிஜ வாத்தியம் அல்லது குரல், மொத்தம் எட்டு ட்ராக். அதற்குள் பாட்டு நிற்கவில்லை என்றால் எண்பதிலும் நிற்காது.

புதிதாக பிளகின் வாங்கினால் தேக்கம் உடையும் என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் உற்சாகம் இருக்கும். மூன்றாவது நாள் அதே எட்டு பார், கொஞ்சம் விலை கூடிய எதிரொலியோடு.

இசை அமைக்கும்போதே மிக்ஸ் செய்வதுதான், அதாவது ஒலிகளைச் சமன்செய்து கலப்பதுதான், என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான பழக்கம், ஏனென்றால் அது உழைப்பு மாதிரியே தெரியும். ஸ்னேருக்கு ஈக்யூ போட்டு, கம்ப்ரஸரைத் திருகிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா? ஆனால் சரணமே இல்லாத பாட்டில் ஸ்னேர் எவ்வளவு பளிச்சென்று இருந்து என்ன பயன்? உண்டாக்குகிற மனசுக்குக் கொஞ்சம் அசட்டுத் துணிச்சல் வேண்டும். குறை கண்டுபிடிக்கிற மனசு அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்தால் குறை சொல்கிறவர்தான் ஜெயிப்பார். காதின் கணக்கும் உண்டு. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகும், அதாவது 88-ல் நாலு மணி நேரம்தான். ராத்திரி ஹெட்ஃபோனில் சத்தமாக வைத்து மிக்ஸ் செய்கிறவர், காது களைத்த பிறகு கேட்டுவிட்டு “பாட்டு மந்தமாக இருக்கிறது” என்று தீர்ப்பு எழுதுகிறார். அமைப்பு முடியும்வரை வால்யூம் ஃபேடரைத் தவிர எதையும் தொடாமல் இருந்து பாருங்கள்.

இதோடு ஒட்டியது, எல்லாவற்றையும் மிடியாகவே, அதாவது ஒலியாகப் பதியாமல் சுரக் குறிப்புகளாகவே, வைத்துக்கொள்வது. பிறகு மாற்றலாம் என்று திறந்துவைத்த கதவு அது. 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் லண்டன் அபே ரோட்டில் பதிவு செய்தது 4 ட்ராக் டேப்பில். நாலும் நிரம்பினால், அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்றிரண்டு ட்ராக்காக இறக்கி, கிடைத்த இடத்தில் மேற்கொண்டு பதிவு செய்வார்கள். கலந்த பிறகு டிரம்ஸை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. முடிவு எடுத்தால்தான் அடுத்த வாத்தியத்துக்கு இடம். நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பேஸ் பிடித்திருந்தால் ஆடியோவாகப் பதிந்து, அதாவது பவுன்ஸ் செய்து, மிடி ட்ராக்கை மறைத்துவிடுங்கள்.

பெரிய பாட்டோடு ஒப்பிட்டு மனம் உடைவது இன்னொன்று. ரெஃபரன்ஸ் வைத்துக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகான மாஸ்டரிங் முடிந்த பாட்டு, உங்கள் வரைவைவிட 6 முதல் 10 டெசிபெல் வரை சத்தமாக இருக்கலாம். சத்தமாக ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகவே நம் காதுக்குப் படும். ரெஃபரன்ஸ் ட்ராக்கின் ஃபேடரை இறக்கி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள், பாதி தாழ்வு மனப்பான்மை அங்கேயே கழன்றுவிடும். மிச்சப் பாதியில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்: அவர்கள் பல்லவிக்கு முன்னால் எத்தனை பார் காத்திருக்கிறார்கள், சரணத்தில் எதை விட்டுவிட்டார்கள் என்பது போல.

பாதி வெந்த லூப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்பதும் வேண்டாம். கேட்பவர் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பார், அதில் உங்கள் பேஸ் கிட்டத்தட்ட இருக்காது. “செம ப்ரோ” என்று வரும், அல்லது ஒன்றுமே வராது. இரண்டும் உதவாது. முழு நீள வரைவு ஆன பிறகு ஒரே ஒருவரிடம் கொடுத்து, “எந்த இடத்துல போர் அடிச்சுது?” என்று மட்டும் கேளுங்கள். நேரத்தைச் சொல்வார். அது போதும்.

மூட் வரட்டும் என்று காத்திருப்பது பற்றி: ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வரும் முன் விளம்பரங்களுக்கு ஜிங்கிள் செய்தவர். ஜிங்கிள் என்றால் நீளமும் முன்கூட்டியே தீர்மானம், கொடுக்க வேண்டிய தேதியும் தீர்மானம். அந்த மாதிரி ஒரு வட்டத்தை நீங்களே போடலாம். இல்லாத ஒரு கடைக்கு 30 விநாடி விளம்பரம், இன்று சாயங்காலத்துக்குள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, பாட்டு மட்டுமில்லை எதிலுமே பிடிப்பு இல்லை என்றால் அது வேறு சங்கதி. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பழைய ஃபோல்டர். குற்ற உணர்ச்சியோடு ஒவ்வொன்றாகத் திறந்து “இதையெல்லாம் முடிக்கணும்” என்று பெருமூச்சு விடுவதும் தவறுதான். முடிக்க வேண்டியதில்லை, உதிரிபாகமாகப் பாருங்கள். 92 பிபிஎம்மில் ஒன்று, 96-ல் ஒன்று இருந்தால் இரண்டையும் 94-க்கு இழுத்து ஒரே ப்ராஜெக்டில் போட்டுக் கேளுங்கள். ஒன்றின் பல்லவிக்கு இன்னொன்று இடையிசையாகப் பொருந்துவது உண்டு. சுருதி சேரவில்லை என்றால் மிடியை இரண்டு அரைச்சுரம் நகர்த்துவது ஒரு நிமிட வேலை. ஆடியோவாக இருந்தாலும் அந்த அளவுக்குப் பெரும்பாலும் தாங்கும்.