இஞ்சி: எந்த ஊரில் எப்போது நடுவது?
கூடலூர், வயநாடு போன்ற மானாவாரி மலைப்பகுதிகளில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். கோடைமழை விழுந்து மண் நனைந்ததும் நட்டுவிடுங்கள். பாசனம் இருந்தால் பிப்ரவரி, மார்ச்சிலேயே நடலாம். வெயில் கொளுத்தும் சமவெளியில் தென்னைக்கு நடுவே, அரைநிழலில். உறைபனி விழும் ஊர்களில் தொட்டிதான்: வீட்டுக்குள் முளைக்கவிட்டு, இரவுக் குளிர் விட்டபின் வெளியே வையுங்கள்.

விதைக்கிழங்கு 20–25 கிராம், குண்டான முளை ஒன்றாவது வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் மான்கோசெப் (பூஞ்சைக்கொல்லி மருந்து) கலந்த நீரில் 30 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி, 25 செ.மீ. இடைவெளி, 5 செ.மீ. ஆழம், முளை மேல்நோக்கி. உடனே பச்சிலை மூடாக்கு.

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் வரும்: கீழிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும், தண்டை இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்தத் தூரைச் சுற்று மண்ணோடு தோண்டி அகற்றுங்கள். அந்தப் பாத்தியிலிருந்து விதைக்கு எடுக்கவே கூடாது.