தரையில் கிடந்த 200 ரூபாயை நல்லபடியாகச் சேர்ப்பது எப்படி?

சென்ற சித்திரையில் ஒரு காலை, சென்னையில் பூங்கா ரயில் நிலையத்திலிருந்து அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு 200 ரூபாய் நோட்டு கிடந்தது. கட்டைவிரல் நகத்தளவுக்கு மடித்து மடித்து வைத்த நோட்டு. முந்தானை முடிச்சில் பணம் வைப்பவர்கள்தாம் அப்படி மடிப்பார்கள். கையில் எடுத்ததும் சந்தோஷம் வரவில்லை, பதைப்புதான் வந்தது. தேடியும் உரியவர் கிடைக்கவில்லை. அந்த நோட்டை என்ன செய்வது என்று சில நாள் குழம்பி, ஒருவழியாகச் செய்து முடித்தபோது ஒரு முறை பிடிபட்டது. முதன்முறையாக இப்படிப் பணம் கண்டெடுப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முறையின் அடிப்படை இதுதான்: பணம் எந்த இடத்தில் தவறியதோ, அந்த இடத்து மனிதர்களிடமே திரும்பிப் போகட்டும். மருத்துவமனை வாசலில் தவறவிட்டவர் பெரும்பாலும் அங்கே வந்து போகிறவர். அவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அவரைப் போலவே அங்கே காத்திருக்கும் இன்னொருவரை நிச்சயம் கண்டுபிடிக்கலாம்.

முதல் படி: அங்கேயே நில்லுங்கள்

எடுத்தவுடன் நடையைக் கட்டாதீர்கள். பத்து நிமிடமாவது அதே இடத்தில் நில்லுங்கள். தொலைத்தவர் வந்த வழியே தரையைப் பார்த்தபடி திரும்பி வருவார். அப்படி யாராவது வந்தால், "இருநூறு ரூபாய் உங்களுடையதா?" என்று கேட்டுவிடாதீர்கள். "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். எவ்வளவு, எப்படி மடித்திருந்தது என்பதை அவரே சொல்லட்டும். பக்கத்தில் பூக்கடையோ தேநீர்க் கடையோ இருந்தால் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தொலைத்தவர்கள் முதலில் விசாரிப்பது அங்கேதான்.

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 403ஆவது பிரிவில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டே தந்திருந்தது: யாருடையது என்று தெரியாத ஒரு ரூபாயைச் சாலையில் கண்டெடுப்பவர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார். ஆனால் உரியவரைத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், அல்லது நியாயமாக முயன்று போதிய காலம் காத்திருப்பதற்கு முன்பே, தனக்கென்று எடுத்துக்கொண்டால் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவின் இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு இருக்கிறது.

ஆகவே பர்ஸோ அடையாள அட்டையோ கிடைத்தால் இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது. முகவரி இருந்தால் ஓர் அஞ்சலட்டை போடுங்கள், இல்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். பஸ்ஸுக்குள் கிடைத்தது நடத்துநரிடம் போகட்டும், ரயிலில் கிடைத்தது ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் போகட்டும்.

இரண்டாம் படி: எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

என் எல்லை 500 ரூபாய். அதற்கு மேல் என்றால் நேராகக் காவல் நிலையம்தான். உங்கள் எல்லை இதைவிடக் குறைவாக இருக்கலாம். அதிகமாக வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: உறையில் போடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. கண்டெடுத்த நோட்டு உங்கள் பர்ஸுக்குள் போனால் மறுநாள் பாலுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதி, இடம், தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் காத்திருங்கள். நோட்டு கிழிந்திருந்தால் இந்த ஒரு வாரத்துக்குள் வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நான்காம் படி: அதே இடத்துக்குப் போய்க் கேளுங்கள்

ஒரு வாரம் கழித்து நான் மருத்துவமனைக்குப் போனேன். கையில் இருந்த யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிடலாம். நல்ல வேளையாக வாங்குவதற்கு முன்பு கேட்டேன். மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்த ஒரு பெண்மணியிடம், "அம்மா, சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா?" என்றேன்.

"சோறு யாராவது கொடுத்துவிடுகிறார்கள் தம்பி. துணி துவைக்கத்தான் சோப்பு இல்லை" என்றார். கணவரை அனுமதித்து ஒன்பது நாள் ஆகிறதாம். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். இரண்டு புடவையோடு வந்திருக்கிறார்.

உள்நோயாளிக்கு மருத்துவமனையே உணவு தருகிறது. உடன் இருப்பவர்தான் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பொருள்கள்: துணி சோப்பு, பல்பொடி, தேங்காய் எண்ணெய், சீப்பு, துணி உலர்த்த ஒரு கொடிக்கயிறு, படிவம் நிரப்ப ஒரு பேனா, விரித்துப் படுக்க ஒரு பிளாஸ்டிக் பாய். நான் சோப்பு, பல்பொடி, எண்ணெய், கயிறு வாங்கினேன். 140 ரூபாய் ஆயிற்று.

மிச்சம் 60 ரூபாய். சிறிய தொகை என்று நினைக்க வேண்டாம். சென்னை மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் மருத்துவமனை வளாகத்திலேயே உண்டு. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவு நான்கு சப்பாத்தி என்று வைத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 ரூபாய். ஆக 60 ரூபாயில் மூன்று நாள் சாப்பாடு முடிந்து 6 ரூபாய் மீதமிருக்கும். அந்தப் பணத்தைச் சில்லறையாக மாற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். யாரும் பொட்டலம் தராத நாளில் அவர் தாமே வரிசையில் நின்று, தாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நம்புகிறேன்.

வேறு இடங்களில் கிடைத்தால்? பள்ளி வாசல் என்றால் வகுப்பாசிரியரிடம் கேட்டு, நோட்டுப் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். சென்னைப் பாரிமுனையில் உள்ள ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் காகிதப் பொருள்கள் மலிவாகக் கிடைக்கும். பஸ் நிறுத்தம் என்றால், வெயில் காலத்தில் அங்கே ஒரு மண் பானை வைக்கலாம். ஆனால் தினமும் கழுவித் தண்ணீர் மாற்ற ஒரு கடைக்காரர் ஒத்துக்கொண்ட பிறகு மட்டும் வையுங்கள். கவனிக்க ஆளில்லாத பானை கொசுவைத்தான் வளர்க்கும். சந்தை என்றால் அங்கே மூட்டை தூக்குபவர்களுக்கு ஒரு வேளை மோர்.

செய்யக் கூடாதவை

சிக்னலில் கையேந்தும் குழந்தையிடம் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு பெரும்பாலும் குழந்தையிடம் தங்குவதில்லை. அதற்குப் பதிலாக 1098 என்ற எண்ணை அழையுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது.

வாங்கிக்கொள்பவரைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். சோப்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி படத்தில் நிற்க யாருக்கு மனம் வரும்? பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "பாவம், யார் தொலைத்தார்களோ" என்று அந்த அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே என்று என் அத்தை கேட்டார். வழியில் கிடந்த காசை உண்டியலில் சேர்ப்பது நம் வீடுகளில் வெகுகாலமாக உள்ள பழக்கம், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த நோட்டு மடித்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு, அது மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

கடைசிப் படி: உரியவர் வந்தால்

செலவழித்த பிறகு ஒருநாள் பூக்கடையிலிருந்து தொலைபேசி வரலாம். மடிப்பைச் சரியாகச் சொன்னால் அவர்தான் உரியவர். உங்கள் கையிலிருந்து 200 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். "தானம் செய்துவிட்டேன்" என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை, அது அவருடைய பணம். எந்த நேரம் கேட்டாலும் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடிந்த தொகை எதுவோ, அதையே இரண்டாம் படியில் எல்லையாக வையுங்கள். என் உறையை இன்னும் கிழித்துப் போடவில்லை. தேதியும் இடமும் அதில் எழுதியபடியே இருக்கின்றன.