பாவாடைக்கு எத்தனை மீட்டர் துணி? டக்கை மறக்காமல் கணக்குப் போடுங்கள்

மகளுக்குக் காட்டன் பாவாடை தைக்க ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினேன். இரண்டு பாகம் வெட்டியதும் மிஞ்சியது 3 இன்ச் துண்டு. இடுப்புப் பட்டிக்கோ 5 இன்ச் வேண்டும். கடைசியில் பட்டிக்கு வேறு துணிதான் வைத்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து சரிசெய்த கணக்கு இது.

முதலில் பன்னா, அதாவது துணியின் அகலம். விலை கேட்கும் முன் அதைக் கேளுங்கள். 36, 44, 58 இன்ச் என்று துணிக்குத் துணி மாறும். 44 பன்னாவில் ஓர விளிம்பும் தையலும் போக 43 இன்ச் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சுற்றளவு. இடுப்பு 24 என்றால் கொசுவத்துக்கு மூன்று மடங்கு, அதாவது 72. ஒரு பாகம் 43 என்பதால் 2 பாகம் தேவை. மொத்தம் 86 வரும். மிச்சத்தை வெட்டி எடுக்காதீர்கள், அப்படியே கொசுவத்தில் சேர்த்துவிடுங்கள். காட்டனுக்குக் கொசுவம் நிறைய இருந்தால்தான் அழகு.

இனி நீளம். நான் தவறியது இங்கேதான். பட்டிக்குக் கீழே கணுக்கால் வரை 26. மேல் தையலுக்கு 1, கீழ் மடிப்புக்கு 2. பிள்ளை வளர வளரப் பிரித்துவிட 1 இன்ச்சில் 2 டக். அதற்கு 2 இன்ச் போதும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் டக் என்பது மடிப்பு. வெளியே 1 இன்ச் தெரிந்தால் உள்ளே இன்னொரு 1 இன்ச் போயிருக்கும். 10 இன்ச் பேப்பர் துண்டில் ஒரு டக் மடித்து அளந்து பாருங்கள், 8 தான் இருக்கும். ஆக 2 டக்குக்கு 4 இன்ச்.

26 + 1 + 2 + 4 = 33. இரண்டு பாகத்துக்கு 66, பட்டிக்கு 5, சேர்த்து 71. காட்டன் நனைத்தால் சுருங்கும், அதற்கு ஒரு 4 விடுங்கள். 75 ஆச்சு. ஒரு மீட்டர் 39.37 இன்ச், எனவே 2 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். வெட்டும் முன் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஆப் தேவையில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தை ஒரு இன்ச்சாக வைத்து வரைந்தால் பட்டி எந்த மூலையில் உட்காரும் என்பது வரை கண்ணில் தெரியும். டேப் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும்.

பின்சேர்க்கை: கரை போட்ட துணிக்கு இதே கணக்கா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. கரை பன்னாவின் ஓரத்தில் ஓடும், அது பாவாடையின் அடியில் வர வேண்டும். அதனால் துணியைத் திருப்பிப் போடுகிறோம். பன்னா நீளமாகிவிடும், வாங்கும் மீட்டர் சுற்றளவாகிவிடும். மேலே சொன்ன அளவுக்கு 72 இன்ச் சுற்று, பக்கத் தையலுக்கு 1, ஆக அதற்கும் 2 மீட்டர்தான். கரையில் கீழ் மடிப்பு வேண்டாம் என்பதால் 31 இன்ச் நீளம் போதும். மேலே மிஞ்சுகிற துண்டிலேயே பட்டி வந்துவிடும்.