முதல் சாக்ஸபோன்: பளபளப்பை விடுங்கள், பேடைப் பாருங்கள்

சாக்ஸபோனில் சின்னதிலிருந்து பெரிசாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர் என்று வகைகள் உண்டு. முதல் சாக்ஸுக்கு ஆல்டோதான், யோசிக்கவே வேண்டாம். சோப்ரானோ பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் புதியவர் கையில் சுருதி நிற்காது. டெனர் குரல் அழகுதான், ஆனால் கழுத்துக்கும் பாரம், காசுக்கும் பாரம். கத்ரி கோபால்நாத் கர்னாடக மேடைக்குக் கொண்டுவந்ததும் ஆல்டோதான்.

பழசு வாங்கினால் பேடைப் பாருங்கள். ஒவ்வொரு துளையையும் மூடும் தோல் வட்டுதான் பேடு. நான் படத்தைப் பார்த்து மயங்கி ஒன்று வாங்கினேன், மேல்பூச்சு புதுசு மாதிரி மின்னியது, கீழ் ஸ்வரங்கள் மட்டும் வரவே மாட்டேன் என்றன, என் மூச்சுதான் போதவில்லை என்று இரண்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழுது பார்ப்பவர் அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்குச் சரத்தைக் குழாய்க்குள் இறக்கி, கீகளை, அதாவது துளைகளை மூடும் விசைகளை, மூடிக் காட்டினார். மூன்று பேடுகளின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் போனால் காற்றும் போகும். அதனால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், எல்லாவற்றிலும் கீழான ஸ்வரமான பி ஃபிளாட் வரை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். முக்கி ஊதினால்தான் வருகிறதென்றால் வாங்காதீர்கள், எல்லாப் பேடையும் மாற்றுகிற செலவு சில சமயம் வாங்கிய விலையையே தொட்டுவிடும்.

மவுத்பீஸ் என்கிற ஊதுமுனையில் மாட்டும் மெல்லிய நாணல் பட்டைதான் ரீட், நம்பர் என்பது அதன் விறைப்பு. 2ஆம் நம்பர் போதும். 3 போட்டால்தான் கெத்து என்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாருங்கள். வாயில் ஒரு நிமிஷம் ஊறவைத்து, ரீட் நுனியும் மவுத்பீஸ் நுனியும் சமமாக இருக்கும்படி மாட்டுங்கள். வாசித்து முடித்ததும் கழற்றிக் காயவிடுங்கள்.

மேல் பற்கள் மவுத்பீஸ் மேல் பதிய வேண்டும், கீழுதடு கீழ்ப் பற்களின் மேல் மெத்தை மாதிரி மடிய வேண்டும், கன்னம் உப்பக் கூடாது. கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் நீங்கள் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் ஏதோ ஒரு விரல் சரியாக மூடவில்லை. பாட்டுக்கு அவசரப்படாமல் தினமும் பத்து நிமிஷம் ஒரே ஸ்வரத்தை அசையாமல் இழுத்துப் பழகுங்கள், போரடிக்கும், ஆனால் நாதம் அப்படித்தான் வரும்.

அப்புறம் எல்லோரும் குழம்புகிற இடம். ஆல்டோவில் சி பிடித்தால் கேட்பது ஈ ஃபிளாட், நம் சுருதிக் கணக்கில் இரண்டரைக் கட்டை. தம்புரா ஆப்பை இரண்டரையில் வைத்து, சியை ஸட்ஜமாக்கி ஏழு ஸ்வரங்களையும் ஷார்ப், ஃபிளாட் இல்லாமல் வாசித்தால் அது சங்கராபரணம். கீபோர்டு நண்பர் சியில் வாசித்தால் நீங்கள் ஏ பிடிக்க வேண்டும். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தால் மவுத்பீஸை அது மாட்டியிருக்கும் கழுத்துக் குழாயின் கார்க்கில் உள்ளே தள்ளுங்கள், ஏறியிருந்தால் வெளியே இழுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட்டால் வாயகன்ற முனையில் துணி அடைத்துப் பயனில்லை, சத்தம் பெரும்பாலும் துளைகள் வழியாகத்தான் வருகிறது. பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளைப் பார்த்து ஊதுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது.